ராசியில்லாதவர் மலையேறிய பருவம்

புந்தா சலீனா
அக்டோபர் 14

அன்புள்ள எமெலிந்தா,

மகளும், புதிதாக வந்து சேர்ந்த பேரனும், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போன நீயும் சுகம்தானே? என் உடம்புக்கு ஒரு குறையுமில்லை.

சென்ற வியாழக்கிழமை மாலை, ப்ளாசிதோவின் முடிதிருத்தும் கடையில், சுழல் நாற்காலி இரண்டும் பெஞ்சு ஒன்றும் நிறைந்த அவையில், கூழைக்கடாக்கள் அணியின் ரசிகர் மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன்படி, நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற அர்செனியோவாகிய நான், இந்த பேஸ்பால் பருவம் முடியும்வரை நம் அணியின் ஆட்டம் எதையும் பார்ப்பதில்லை, ரேடியோவில் கேட்பதில்லை, ஊர் எல்லைக்குள் இருப்பதுமில்லை. ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஒன்று. எதிர்ப்பு என்னுடையதல்ல. பாதிச் சவரத்தில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் கத்தி பட்டுத் தலையை இழுத்துக்கொண்டதை எதிர்ப்பு என்று பதிந்துகொண்டார்கள்.

ஆதாரங்கள் வலுவானவை. போன வருடம் அத்தையின் அடக்கத்துக்கு நான் போன அன்று வென்றோம். கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்ட அன்று வென்றோம். இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போனேன். என்ன ஆயிற்று என்பது ஊருக்கே தெரியும்.

"கம்பாத்ரே, உங்க மேல எங்களுக்குக் கோபமே கெடையாது. உங்க ராசி மேலதான்" என்றார் ப்ளாசிதோ, பழைய சிநேகித உரிமையில் என் காலரில் இருந்த முடியைத் தட்டிவிட்டபடி. முதலில் அவர் வேறொரு யோசனை சொன்னார். அவை அதைப் பேசத் தொடங்குவதற்குள் நான் எழுந்து, ராசியில்லாதவன் நானே என்று அறிவித்துவிட்டேன். அந்த யோசனை எழுதத் தக்கதல்ல.

நாளை பாப்பித்தோவின் பஸ்ஸில் லோமா ஃப்ரியாவுக்குப் போகிறேன். அங்கே ஃபெர்மின் அண்ணன் பூண்டு போடுகிறார், ஆள் வேண்டுமாம். சுற்றிலும் மலை மறைப்பதால் அந்த ஊரில் ரேடியோ எடுக்காது. முடிந்துபோன ஆட்டத்தின் முடிவைக் கடிதத்தில் தெரிந்துகொள்ள மட்டும் அவை அனுமதித்திருக்கிறது. முடிந்ததை என் ராசியால் ஒன்றும் செய்ய முடியாதாம். பாப்பித்தோ வாரம் ஒருமுறை மலையேறுகிறார். அவரிடம் கொடுத்தனுப்பு. பருவம் முழுமைக்குமான என் ஸ்டேடியம் சீட்டு அலமாரியில் இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடு.

கோப்பை நம் ஊருக்கு வந்தாக வேண்டும், எமெலிந்தா. அதைப் பார்க்கத்தான் இத்தனை வருடமும் காத்திருந்தேன். நான் பார்க்கக் கூடாதென்றால் பார்க்கவில்லை. வரட்டும்.

அன்புடன்,
அர்செனியோ


புந்தா சலீனா
அக்டோபர் 27

அன்புள்ள அர்செனியோவுக்கு,

மகள் எழுந்து நடமாடுகிறாள். பேரன் நடமாடுவதைத் தவிர மற்ற எல்லாம் செய்கிறான். நான் ஊர் திரும்பினேன். வீடு பூட்டிக் கிடந்தது. கோழிகள் ப்ளாசிதோவின் கொல்லையில் இருந்தன.

இந்த வயதில் ஊரை விட்டு ஓடுகிறவர்கள் வேறொரு பெண்ணுக்காக ஓடுவார்கள். நீங்கள் ஒரு பந்துக்காக ஓடியிருக்கிறீர்கள். எதிர்வீட்டுக்காரி முதல் காரணத்தைத்தான் நம்புகிறாள். நான் மறுக்கவில்லை. கேட்க அதுதான் கௌரவமாக இருக்கிறது.

சீட்டைத் திருப்பிக் கொடுக்க ஸ்டேடியத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவன், "சீசன் ஆரம்பிச்சப்புறம் திருப்பி வாங்குற பழக்கமில்லம்மா. மழை வருது, உள்ள போய்க் கூரைக்குக் கீழ உக்காருங்க" என்றான். உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் நம்மவர்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஒருவன் அடித்தான். நான்கு பேர் ஓடினார்கள். எதற்கென்று தெரியவில்லை. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மழை விட்டதும் வந்துவிட்டேன். வென்றோமாம், உங்களுக்கு எழுதச் சொல்லி ப்ளாசிதோ வீடு தேடி வந்து சொன்னார்.

கழுத்தை மூடிக்கொண்டு படுங்கள். அங்கே குளிரும்.

எமெலிந்தா


லோமா ஃப்ரியா
நவம்பர் 5

அன்புள்ள எமெலிந்தா,

பாப்பித்தோ கடிதத்தை நேற்றுத் தந்தார். பேரனுக்கு முத்தங்கள். எனக்கு இருமல் மட்டும்தான்.

"ஒருவன் அடித்தான்" என்று எழுதியிருக்கிறாய். யார் அந்த ஒருவன்? எந்த இன்னிங்ஸ்? எதிரணியில் எறிந்தவன் இடக்கைக்காரனா, வலக்கைக்காரனா? நீதிமன்றத்தில் இப்படி ஒரு சாட்சி சொல்லியிருந்தால் நீதிபதி என்னைப் பார்த்திருப்பார். நான் பேனாவைக் கீழே வைத்திருப்பேன். இன்னும் ஓரிரண்டு ஆட்டங்களுக்குப் போய் வா. தகவலுக்காக மட்டும். கட்டிலுக்கடியில் நான் ஸ்டேடியத்தில் போட்டு உட்காரும் பச்சை மெத்தை இருக்கிறது. அங்கே இருக்கைப் பலகை இடுப்பைப் பதம் பார்க்கும்.

இங்கே விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. பூண்டுப் பல்லை முனை மேலாக ஊன்ற வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன். ஃபெர்மின் அண்ணனுக்கு நான் ஏன் வந்தேன் என்று விளக்கினேன்.

"அந்தப் பந்தப் பிடிச்சு என்ன பண்ணுவானுங்க?" என்றார்.

"திருப்பி எறிவாங்கண்ணே."

"அப்ப எதுக்குப் பிடிக்கணும்?"

இரண்டு நாளாகப் பூண்டை ஊன்றிக்கொண்டே இதை யோசிக்கிறேன்.

அன்புடன்,
அர்செனியோ


புந்தா சலீனா
நவம்பர் 21

அன்புள்ள அர்செனியோவுக்கு,

இருமலுக்கு இஞ்சி கொடுத்தனுப்பியிருக்கிறேன். தட்டிப் போட்டு, கொதித்த பிறகு குடியுங்கள். என் தொண்டை கட்டியிருக்கிறது. மழையால்.

கேட்ட தகவல்கள். சனிக்கிழமை தலைநகர் அணியை ஐந்துக்கு நான்கு என்று வென்றோம். எறிந்தவன் நம் நெரெயோ. ஆறாவது இன்னிங்ஸ்வரை யாராலும் அவனைத் தொட முடியவில்லை. ஏழாவதில் தோள் இறங்கிவிட்டது. எனக்கே தெரிந்தது. மேனேஜருக்குத் தெரியவில்லை. எட்டாவதில் மூன்று ரன் கொடுத்த பிறகுதான் அந்த மனிதர் எழுந்து, பேருந்துக்கு நேரமிருக்கிறவரைப் போல நடந்து போய் அவனை மாற்றினார்.

எனக்குப் பின் வரிசையில் ஒரு குண்டு மனிதர். தலைநகர்க்காரன் ஒருவன் மூன்று பந்தையும் விட்டுவிட்டு நிற்கையில், "டேய், மட்டைய ஊனி நடக்கவா வாங்கின? வீசுறதுக்குடா!" என்று கத்தினார். மைதானமே சிரித்தது. அடுத்த ஆட்டத்தில் அதே ஆளிடம் வேறு யாரோ, "அடிக்க வராட்டி அதை அடுப்புலயாவது வைப்பா, சோறாவது வேகும்!" என்று கத்தினார்கள். பெண்குரல் என்று சொல்கிறார்கள். கூட்டத்தில் யாரென்று எப்படித் தெரியும்?

கடலை விற்கும் தொமாசா என்னிடம், "அக்கா, நீ வந்து ஒக்காந்ததுல இருந்து இந்தப் பக்கம் கடலை நல்லாப் போகுது" என்றாள். நாம் முதலிடத்தில் இருக்கிறோம்.

மெத்தை வசதியாக இருக்கிறது.

எமெலிந்தா


லோமா ஃப்ரியா
டிசம்பர் 6

அன்புள்ள எமெலிந்தா,

இஞ்சி வந்தது, இருமல் போனது. உன் தொண்டை தேறியிருக்கும் என்று நம்புகிறேன். இவ்வளவு நாள் கட்டியிருக்க நம் ஊரில் அவ்வளவு மழை இல்லை.

முதலிடம் என்ற சொல்லை நாலைந்து முறை படித்தேன். மேனேஜரைப் பற்றி நீ எழுதியதில் எனக்கு உடன்பாடு. ஆனால் அதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும், முறை அப்படி.

ஒரு வேண்டுகோள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்துக்கு ஊருக்கு வர விரும்புகிறேன். அன்றைக்கு ஆட்டம் கிடையாது. விருந்து சாப்பிட்டு, பேரனைப் பார்த்து, மறுநாள் பஸ் ஏறிவிடுவேன். ஆட்டமே இல்லாத நாளில் ராசி எதைக் கெடுக்கும்? இதை மன்றத்தின் முன் வை. என் இடம் காலியாகத்தான் இருக்கும். அதில் உட்கார்ந்து பேசு.

இந்த ஊரில் பார்க்க ஒன்றுமில்லை. மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி மேடு இருக்கிறது. அங்கே மட்டும் கடற்கரை ரேடியோ எடுக்கும் என்று ஃபெர்மின் அண்ணன் சொன்னார். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

உன் பதிலை எதிர்பார்த்து,
அர்செனியோ


புந்தா சலீனா
டிசம்பர் 17

அன்புள்ள அர்செனியோவுக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். பேரனுக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது.

உங்கள் வேண்டுகோளை மன்றத்தின் முன் வைத்தேன். உங்கள் இடத்தில் என்னை உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள். ப்ளாசிதோ நாற்காலியை எனக்குத் துடைத்துப் போட்டார்.

மருந்துக்கடைக்காரர் உங்கள் பக்கம் பேசினார், வந்தால் என்ன என்று. ப்ளாசிதோ, "ராசிங்கறது சளி மாதிரி. மனுசன் போனப்புறமும் வீட்ல இருக்கும். இருபத்தாறாம் தேதி தலைநகர்க்காரனோட ஆட்டம். இந்தக் கோப்பை வாங்கினா பிப்ரவரியில கரீபியன் தொடர், நாலு நாடு சேர்ந்து ஆடுறது. ஒரு பன்றிக்கறிக்காக அதையெல்லாம் விடணுமா?" என்றார். மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டெடுப்பு சீட்டில் எழுதி. வரவேண்டாம் என்று ஏழு, வரலாம் என்று ஒன்று. அந்த ஒன்று யாருடையது என்று யாரும் கேட்கக் கூடாது என்பது விதி. மருந்துக்கடைக்காரர் தன்னுடையது இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வறுத்த பன்றிக்கறியும், இலையில் கட்டி வேகவைத்த வாழைக்காய்ப் பொட்டலங்களும் தகர டப்பாவில் பாப்பித்தோவிடம் தருகிறேன். ஃபெர்மின் அண்ணனுக்கும் கொடுங்கள். அந்த ஓரத்து மிளகாய்ப் பொட்டலம் உங்களுக்கு மட்டும்.

எமெலிந்தா


புந்தா சலீனா
ஜனவரி 5

அன்புள்ள அர்செனியோவுக்கு,

புத்தாண்டு நல்லபடி பிறந்திருக்கும் என்று நம்புகிறேன். தகர டப்பா கழுவித் திரும்பி வந்தது. உள்ளே கடிதம் இல்லை. துடைத்த துணியை உதறியும் பார்த்தேன்.

கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள். எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தோற்கிறோம். மற்ற நாட்களில் வெல்கிறோம். ஞாயிறு ஆட்டம் பகலில் நடப்பது. அதே ஆட்கள், அதே மைதானம், அதே மெத்தை.

சமையலறை அலமாரியின் மேலிருந்த சின்ன ரேடியோவைக் காணவில்லை. எலி கொண்டுபோயிருக்கும் என்று இதுவரை நினைத்தேன். டார்ச் விளக்குக்கு என்று நீங்கள் பேட்டரி வாங்கிவரச் சொன்னதாக பாப்பித்தோ சொல்கிறார். உங்களிடம் டார்ச் விளக்கு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்கே இருக்கிறீர்கள்?

எமெலிந்தா


லோமா ஃப்ரியா
ஜனவரி 11

அன்புள்ள எமெலிந்தா,

உன் கடிதம் கண்டேன். நான் நலம். பன்றிக்கறி மிகவும் நன்றாக இருந்தது. ஃபெர்மின் அண்ணன் எலும்பைக்கூட விடவில்லை.

பூண்டு நன்றாக வந்திருக்கிறது. இலை நுனி மஞ்சளாகத் தொடங்கினால் தண்ணீரை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அடியில் அழுகிவிடும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. சில இடங்களில் பூண்டுக்கு நடுவே களை மண்டிவிடுகிறது. கையால்தான் பிடுங்க வேண்டும், மண்வெட்டி போட்டால் பூண்டும் சேர்ந்து வந்துவிடும். ஊதாத் தோல் பூண்டு காரம் அதிகம், ஆனால் நீண்ட நாள் தாங்கும். வெள்ளைத் தோல் பூண்டைப் பற்றி ஃபெர்மின் அண்ணனுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

குளிர் பரவாயில்லை.

அன்புடன்,
அர்செனியோ


புந்தா சலீனா
ஜனவரி 15

அன்புள்ள அர்செனியோவுக்கு,

பூண்டு நலம் என்று அறிந்து மகிழ்ச்சி.

தலைநகர் அணியுடன் இறுதித் தொடர். வியாழக்கிழமை தொடங்குகிறது. நான்கு ஆட்டம் முதலில் வெல்கிறவர்களுக்குக் கோப்பை. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

எமெலிந்தா


லோமா ஃப்ரியா
ஜனவரி 18

அன்புள்ள எமெலிந்தா,

நீயும் பேரனும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இத்துடன் பாப்பித்தோவிடம் ஒரு பொட்டலம் தருகிறேன். துணியில் சுற்றியிருப்பது சின்ன ரேடியோ. பேட்டரிகளும் உள்ளேயே இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போகும் வழியை ஃபெர்மின் அண்ணனைக் கொண்டு முள் வைத்து அடைக்கச் செய்தேன். "மாடு கூட அங்க போகாதே, யாருக்குப்பா இந்த முள்ளு?" என்று கேட்டார். ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவருக்கு என்றேன்.

இனி ஒரு சத்தமும் இங்கே வராது. உறுதி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வென்றால், கடைசி இன்னிங்ஸைப் பந்து பந்தாக எழுது. நீ பார்த்தபடியே எழுது. ப்ளாசிதோ சொல்வதை எழுதாதே. அவர் எல்லாப் பந்தையும் தானே பிடித்ததுபோலச் சொல்வார். கடைசியாகப் பந்தை யார் பிடித்தது, எப்படி நின்று பிடித்தான், அவன் முகம் எப்படி இருந்தது, இதெல்லாம் எனக்கு வேண்டும்.

தொடர் முடிந்தபின் வரும் முதல் பஸ்ஸில் ஊருக்கு வருகிறேன். மூட்டை கட்டிவிட்டேன்.

அன்புடன்,
அர்செனியோ


புந்தா சலீனா
ஜனவரி 30

அன்புள்ள அர்செனியோவுக்கு,

வென்றோம்.

முதலில் அதை எழுதிவிட்டேன். நலம் விசாரிப்பை நீங்கள் தாண்டிக்கொண்டு போய்த்தான் படிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையும் வென்றோம் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஆட்டம், கடைசி இன்னிங்ஸ். நாம் மூன்று, அவர்கள் இரண்டு. எறிந்தது நெரெயோ, இந்த முறை மேனேஜர் அவனை முதலிலிருந்தே எறிய விட்டுக் களைக்க வைக்காமல் ஏழாவதில்தான் இறக்கினார். யாரோ அவரிடம் கத்திச் சொல்லியிருக்க வேண்டும். முதல் ஆள் மூன்று பந்திலும் காற்றை அடித்துவிட்டுப் போனான். இரண்டாமவன் உருட்டிவிட்டான், நம் பையன் எடுத்து எறிவதற்குள் ஓடிப்போய் நின்றுகொண்டான். மூன்றாமவனுக்கு நெரெயோ பயந்து பயந்து நான்கு பந்தை விலக்கி எறிந்து, அவனை அடிக்காமலே நடந்துபோக விட்டுவிட்டான். பின்னால் குண்டு மனிதர், "மாதாவே, இனிமே குடிக்கவே மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே குடித்தார். நான்காமவன் மேலே தூக்கினான், பிடித்தார்கள். ஐந்தாமவன் அவர்களில் பெரிய ஆள், அவனும் அவுட்டானால் கோப்பை நமக்கு. இரண்டு பந்தை விட்டான். மூன்றாவதை அடித்தான்.

பந்து மேலே போனது. மைதானம் மொத்தமும் எழுந்து நின்றது. நான் எழவில்லை. தொடர் முழுவதும் உங்கள் மெத்தையை விட்டு எழுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். அதனால் எனக்குத் தெரிந்தது முன் வரிசைக்காரரின் முதுகு. நீலச் சட்டை, நடுவில் வியர்வை, தையல் விட்ட இடத்தில் ஊக்கு. பார்த்தபடி எழுதச் சொன்னீர்கள். நான் பார்த்தது இதுதான். அந்த முதுகு அசையாமல் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு குதித்தது.

இருபது வருடமாக ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து, ஏதாவது நல்லது நடந்தால் நீங்கள் என் தோளில் குத்துவீர்களே. நான் திரும்பி அப்படிக் குத்தினேன். பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாது. "ஏம்மா!" என்றார். பிறகு அவரும் அழுதார்.

யார் பிடித்தது, முகம் எப்படி என்று ப்ளாசிதோவிடம் கேட்டேன். அவரும் பார்க்கவில்லையாம், கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம். மறுநாள் மாலை, கடையில் ரம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அக்டோபரில் அவர் முதலில் சொன்ன யோசனையையும் சொன்னார். கடைசியாக நம் ஊருக்குக் கோப்பை வந்தது நம் கல்யாணத்துக்கு முந்தைய ஜனவரியில். அதற்குப் பிறகு வரவே இல்லை. அதனால் ராசியில்லாதது எமெலிந்தாவாக இருக்குமோ என்றாராம். "வாய மூடுறதுக்குள்ள கம்பாத்ரே எந்திரிச்சிட்டாரு, நான்தான் நான்தான்னு" என்றார். நான் ரம்மைக் குடித்து முடித்தேன். இனி யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பருவம் முழுவதும் நான் அந்தப் பலகையில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பது ஊருக்கே தெரியும்.

மூட்டை கட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். கரீபியன் தொடர் பிப்ரவரி நான்காம் தேதி வெனிசுவேலாவில் தொடங்குகிறது. முடிதிருத்தும் கடையில் எல்லோரும் சேர்ந்து ரேடியோவில் கேட்கப் போகிறோம். பச்சை மெத்தையை நேற்றே அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். நீங்கள் எப்போது வருவது என்பது மன்றத்தின் முன் வந்தது. அந்தத் தொடர் முடியுமுன் வரவேண்டாம் என்று ப்ளாசிதோ சொல்ல, மறுபடியும் சீட்டில் எழுதி ஓட்டெடுப்பு.

இந்த முறை ஒருமனதாக.

கம்பளிப் போர்வை இன்னொன்று பாப்பித்தோவிடம் கொடுத்திருக்கிறேன்.

எமெலிந்தா


லோமா ஃப்ரியா
பிப்ரவரி 3

அன்புள்ள எமெலிந்தா,

நான் நலம். பேரனுக்கு முத்தங்கள்.

போர்வை வந்து சேர்ந்தது. ஃபெர்மின் அண்ணனிடம் மேட்டுப் பாத்தியைக் கேட்டு வாங்கி, உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். மே மாதம் தோண்டலாம்.

அன்புடன்,
அர்செனியோ